நூற்று இருபது நாள் கணக்கு

லேப் ஜன்னலில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் முதலில் தேடுவது எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் முகம் மாறிவிடும். "அக்கா, இது ஏன் ஏறியிருக்கு?" என்பார்கள். "டாக்டரிடம் காட்டுங்க" என்பதற்கு மேல் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. மதுரைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஜன்னல் வழியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

மூன்று மாதச் சர்க்கரை, பிலிருபின், ரெட்டிக் கவுன்ட் என்று தாளில் அச்சாகி வரும் எண்களை உயிருள்ள ரத்தத்தின் எண்களாகத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் சிவப்பணுக்களின் ஆயுள் கணக்கு. அவை எத்தனை நாள் வாழ்கின்றன, என்ன வேகத்தில் சாகின்றன, செத்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் அந்த எண்கள் வேறு வேறு பெயரில் சொல்கின்றன. சாவு ஒழுங்காக நடக்கும்வரை எண்ணை நம்பலாம். அந்த ஒழுங்கு குலைந்தால் எந்திரம் சரியாகவே அளந்தாலும் எண் நம்மை ஏமாற்றிவிடும்.

கருவைத் துறந்த செல்

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு துண்டின் விளிம்பால் இழுத்தால் மெல்லிய படலம் விழும். அது காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய் விட்டுப் பெரிய லென்ஸில் பார்ப்போம். இளஞ்சிவப்பு வட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் 7 முதல் 8 மைக்ரான் விட்டம். நடுவில் நிறம் வெளுத்திருக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் செல் இரு பக்கமும் குழிந்து மெலிந்திருக்கிறது. அந்த வெளுப்பு வழக்கத்தைவிட அகன்றிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று சந்தேகப்படுவோம்.

வெள்ளை அணுக்களில் ஊதா நிறத்தில் கரு பளிச்சென்று தெரியும். சிவப்பணுவில் கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் கரு இருந்தது. வெளியே வருவதற்கு முன் கருவைத் தள்ளிவிடுகிறது. தள்ளிய கருவைப் பக்கத்திலேயே காத்திருக்கும் விழுங்கணு ஒன்று தின்றுவிடும். உடலுக்குள் வேண்டாததைத் தின்று செரிக்கும் பெரிய செல்தான் விழுங்கணு. சிவப்பணுவின் கடைசி நாளிலும் இதே இனத்துச் செல்தான் அதைத் தேடி வரும்.

கரு போனதால் கிடைத்த இடத்தில் ஹீமோகுளோபின் நிறைகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். கூடவே பெரிய இழப்பும் உண்டு. கரு இல்லையென்றால் புதுப் புரதம் செய்வதற்கான குறிப்பு இல்லை. ஓரிரு நாளில் புரதம் செய்யும் ரைபோசோமும் மறைந்துவிடும். அதன்பின் எது பழுதானாலும் புதிதாகச் செய்து மாற்ற வழியில்லை. கொண்டு வந்த சரக்கை வைத்துத்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். சிவப்பணு கிழமாவதற்கான மூல காரணம் இதுதான்.

மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் இறங்கிய செல்லில் பழைய ஆர்.என்.ஏ. கொஞ்சம் மிச்சமிருக்கும். நியூ மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டால் அது நீலவலையாகத் தெரியும். இந்த இளம் செல்களை எண்ணிச் சொல்வதுதான் ரெட்டிக் கவுன்ட். நல்ல உடம்பில் இது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை இருக்கும். இந்த அளவு தற்செயல் அல்ல. ஆயுள் 120 நாள் என்றால் தினமும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகச் சாக வேண்டும், அதே அளவு பிறக்க வேண்டும். ரெட்டிக் 8, 10 என்று வந்தால் ரத்தம் எங்கோ கசிகிறது, அல்லது செல்கள் காலத்துக்கு முன்பே சாகின்றன, மஜ்ஜை அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இளம் செல்லைச் சாயம் காட்டிக்கொடுக்கும். கிழட்டுச் செல்லைக் காட்டிக்கொடுக்கும் சாயம் எங்களிடம் கிடையாது. நூறு நாள் ஓடிய செல்லும் பத்து நாள் ஓடிய செல்லும் லென்ஸுக்கடியில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உடம்பு மட்டும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுகிறது.

வினாடிக்கு 24 லட்சம்

ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 லட்சம் கோடி. நம் உடலில் உள்ள செல்களைத் தலை எண்ணினால் ஐந்தில் நான்குக்கு மேல் சிவப்பணுக்கள்தான். 120 நாளால் வகுத்துப் பாருங்கள். தினமும் 20,000 கோடிக்கு மேல் சாக வேண்டும். வினாடிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 லட்சம். இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் உங்களுக்குள் ஒரு கோடி சிவப்பணுக்கள் முடிந்துபோயிருக்கும், இன்னொரு கோடி பிறந்திருக்கும். ஹீமோகுளோபின் எண் அசையாமல் இருப்பது, இந்த வரவும் செலவும் சமமாக இருக்கும் வரைதான்.

இந்த 120 நாளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத செல்லின் வயதை யார் எப்படி எண்ணினார்கள்?

முதலில் எண்ணியவர் வினிஃபிரெட் ஆஷ்பி. அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ கிளினிக்கில் வேலை பார்த்தவர். அவர் கட்டுரை 1919இல் வந்தது. வழி எளிமையானது, ரத்தப் பிரிவு பார்க்கத் தெரிந்த எந்த டெக்னீஷியனுக்கும் உடனே புரியும். ஏ பிரிவுக்காரருக்கு ஓ பிரிவு ரத்தம் ஏற்றினார். சில நாள் கழித்து அவரிடம் ரத்தம் எடுத்து அதில் ஏ பிரிவுச் செல்களைத் திரளச் செய்யும் சீரத்தைக் கலந்தார். நோயாளியின் சொந்தச் செல்கள் கட்டிக்கொண்டன. திரளாமல் தனித்தனியாக நின்றவை ஏற்றிய செல்கள். அவற்றை எண்ணினார். மறுபடி சில நாள் கழித்து எண்ணினார். இரண்டு மூன்று வாரத்தில் செத்துவிடும் என்றுதான் அப்போது மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு மாதம் தாண்டியும் அவை இருந்தன. பிந்தைய ஆய்வுகளில் நூறு நாள் வரைக்கும் அவற்றைக் காண முடிந்தது.

ஏற்றிய ரத்தத்துக்குப் பதில் சொந்த ரத்தத்தையே எண்ணியவர் டேவிட் ஷெமின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1945 பிப்ரவரியில் அவர் தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டார். கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் சாதாரண நைட்ரஜனுக்குப் பதில் சற்றுக் கனமான நைட்ரஜன்-15ஐச் சேர்த்து, மணிக்கு ஒரு கிராம் வீதம் 66 கிராம் சாப்பிட்டார். அந்த நாட்களில் பிறந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் மட்டும் கனமான நைட்ரஜன் போய் உட்கார்ந்தது. பிறகு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறியிட்ட அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போயிருந்தால், சாவுக்கு வயது ஒரு பொருட்டில்லை என்று ஆகியிருக்கும். அப்படி நடக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் அளவு பெரிதாக மாறாமல் நின்று, பிறகு இறங்கியது. சராசரி ஆயுள் 127 நாள் என்று டேவிட் ரிட்டன்பெர்குடன் சேர்ந்து 1946இல் எழுதினார். சிவப்பணு வயதாகித்தான் சாகிறது என்பதற்கு அந்தக் கோடு சாட்சியானது.

கிழமாவது எப்படி

ஒரு சிவப்பணு உடம்பை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. 120 நாளில் சுமார் 1,70,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள் மடங்கி நெளிந்து நுழைந்து வெளியேறுகிறது. தோலிலிருந்து குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் பிய்ந்து போகின்றன. கொஞ்சம் ஹீமோகுளோபினும் அவற்றோடு போகிறது. ஆயுள் முடிவதற்குள் செல் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்து சிறுத்து, அடர்ந்து, விறைத்துப்போகிறது.

உள்ளேயும் தேய்மானம். ஆக்சிஜனைச் சுமப்பதால் அதன் தாக்குதலும் இந்தச் செல்லுக்குத்தான் அதிகம். அதைத் தடுக்கும் நொதிகளும், சர்க்கரையை உடைத்து ஆற்றல் தரும் நொதிகளும் நாளுக்கு நாள் குறைகின்றன. புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை என்று முன்பே சொன்னேன். ஆற்றல் குறைந்தால் கால்சியத்தை வெளியே தள்ளும் பம்பு தளரும். உள்ளே கால்சியம் சேரும், பொட்டாசியமும் நீரும் வெளியேறும், செல் இன்னும் சுருங்கும்.

கிழடு தட்டியதற்கான அடையாளங்கள் தோலின் வெளிப்பக்கமும் வருகின்றன. உள்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டிய பாஸ்ஃபடிடில்சிரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. பேண்ட்-3 என்ற புரதம் கும்பல் சேர்கிறது, அந்தக் கும்பலில் நம் உடம்பிலேயே இயல்பாக இருக்கும் எதிர்ப்பொருள்கள் வந்து ஒட்டுகின்றன. மறுபக்கம், இளமையில் நிறைய இருந்த சிடி47 என்ற புரதம் தேய்கிறது. "நான் நம்ம ஆள், தின்னாதே" என்று விழுங்கணுவுக்குச் சொல்வது அந்தப் புரதம். 2000ஆம் ஆண்டு பெர்-ஆர்னே ஓல்டன்போர்க் குழு இதை எலிகளில் காட்டியது. சிடி47 இல்லாத சிவப்பணுவைச் சாதாரண எலிக்கு ஏற்றினால் மண்ணீரல் விழுங்கணுக்கள் அதை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டன.

இந்த அடையாளங்களில் எது முக்கியம் என்று ஆராய்ச்சியாளர்களிடம் இன்னும் வாதம் நடக்கிறது. எது நடந்தாலும் முடிவு செய்யும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: இடது விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும், சுமார் 150 கிராம் எடையுள்ள மண்ணீரல்.

மண்ணீரலுக்குள் ரத்தம் குழாயைவிட்டு வெளியே கொட்டுகிறது. சிவப்பணுக்கள் விழுங்கணுக்கள் நிறைந்த சிவப்புக் கூழுக்குள் மெதுவாக ஊர்ந்து, மறுபடி ரத்த நாளத்துக்குள் நுழைய வேண்டும். நுழையும் இடுக்கு ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் அகலம்தான். எட்டு மைக்ரான் செல் அதில் நுழைய வேண்டுமென்றால் உடம்பு வளைய வேண்டும். வளையும் செல் போய்விடும். விறைத்த செல் சிக்கிக்கொள்ளும். 2020இல் நெதர்லாந்தின் சாங்குவின் ஆய்வகக் குழு இன்னொன்றையும் காட்டியது. சிக்கிய செல்களில் பல, மண்ணீரலுக்குள்ளேயே ஹீமோகுளோபினைக் கொட்டி வெறும் கூடாகிவிடுகின்றன. கூட்டைத்தான் விழுங்கணு சட்டென்று தின்கிறது.

மண்ணீரல் சாகும் செல்லை மட்டும் கவனிக்கவில்லை. உயிருள்ள செல்லுக்குள் கருவின் துணுக்கு மிச்சமிருந்தால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு, செல்லைப் போகவிடும். விபத்தில் மண்ணீரல் கிழிந்து எடுத்தவர்களின் ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன ஊதாப் புள்ளிகள் தெரியும். ஹோவெல்-ஜாலி புள்ளிகள் என்பார்கள். வயிற்றில் தழும்பைப் பார்க்காமலேயே "இவருக்கு மண்ணீரல் இல்லை போல" என்று ஸ்லைடை வைத்து நாங்கள் குறிப்பெழுதுவது அதனால்தான்.

சாவுக்குப் பின் வரவு

உடைந்த செல்லிலிருந்து முதலில் மீட்கப்படுவது இரும்பு. ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இப்படித் திரும்பி வந்து, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேலேறி மஜ்ஜைக்குப் போகிறது. நாம் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இன்றைக்கு ஓடும் புது ரத்தத்தின் இரும்பு பெரும்பாலும் நேற்று செத்த செல்லின் இரும்பு. ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போனால் மட்டும்தான் இந்தச் சுழற்சி அறுகிறது. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்களுக்கும், கொக்கிப்புழு இருக்கிறவர்களுக்கும், மூலத்தில் கசிகிறவர்களுக்கும் சோகை வருவது அதனால்தான். முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் ஓட்டையை அடைக்காமல் கீரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

புரதம் அமினோ அமிலமாகி மறுபடி பயன்படும். மிஞ்சுவது ஹீம் வளையம். விழுங்கணு அதை அறுத்துத் திறந்தால் பச்சை நிறப் பிலிவெர்டின். அடுத்த படியில் மஞ்சள் நிறப் பிலிருபின். முட்டியில் இடித்துக்கொண்டால் முதலில் கருநீலம், சில நாளில் பச்சை, பிறகு மஞ்சள் என்று தோல் மாறுகிறதல்லவா? அந்த வேதியியல் அங்கே நம் கண்ணெதிரே நடக்கிறது.

உடம்பில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிருபின் உருவாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கிழட்டுச் சிவப்பணுக்களிலிருந்து வருகிறது. இது நீரில் கரையாது, ஆல்புமின் சுமந்து கல்லீரலுக்குக் கொண்டுபோகும். கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. குடல் பாக்டீரியா அதை மேலும் மாற்ற, மலத்துக்குப் பழுப்பும் சிறுநீருக்கு மஞ்சளும் வருகின்றன. இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா நொதி எது என்பதை அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு 2024இல்தான் அடையாளம் கண்டது.

ரிப்போர்ட்டில் பிலிருபின் மூன்று வரியாக இருக்கும்: டோட்டல், டைரக்ட், இன்டைரக்ட். கல்லீரல் மாற்றியது டைரக்ட். இன்னும் மாற்றாதது இன்டைரக்ட். சிவப்பணுக்கள் அதிக வேகத்தில் உடைந்தால் இன்டைரக்ட் ஏறும். பித்தக்குழாய் அடைத்தால் டைரக்ட் ஏறும், மலம் வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். எந்த வரி ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கிறோம். சிவப்பணு உடைவதால் வரும் காமாலையில் கல்லீரல் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இன்னும் சிலருக்கு இன்டைரக்ட் மட்டும் 1.5, 2 என்று ஆண்டுக்கணக்கில் நிற்கும், பட்டினி கிடந்தால் கொஞ்சம் ஏறும். கல்லீரலின் மாற்றும் நொதி பிறவியிலேயே சற்று மந்தம், அவ்வளவுதான். கில்பர்ட் நிலை என்று பெயர். மருந்து வேண்டாம்.

பச்சைப் பிள்ளையின் மஞ்சள்

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவு, அதனால் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளும் குறைவு, ஏறத்தாழ 60 முதல் 90 நாள்தான். பிறந்ததும் நிறையச் செல்கள் சாகின்றன. கல்லீரலோ இன்னும் முதிரவில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் குழந்தை மஞ்சளாவது அதனால்தான். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அளவு மிக ஏறினால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து காதையும் அறிவையும் கெடுத்துவிடும்.

இதற்கு வைத்தியம் கிடைத்த கதை லேப்காரர்களுக்குப் பிடித்தது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலி குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில்பட்ட இடம் வெளுத்தும் இருந்ததை மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையில் ஒரு குழந்தையின் ரத்த சாம்பிள் இருந்த சோதனைக் குழாயை யாரோ வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்கள். அதில் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆர். ஜே. கிரெமரும் சக மருத்துவர்களும் 1958இல் ஒளி வைத்தியத்தை லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று பச்சிளம் குழந்தை வார்டில் எரியும் நீல விளக்கின் வேர் அங்கே இருக்கிறது. ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரல் தொடாமலேயே வெளியேற வைக்கிறது. பிலிருபின் சாம்பிளை வெளிச்சம் படாமல் வையுங்கள் என்று எங்கள் லேப் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துக்கும் அதுதான் காரணம். காலை இளவெயில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், உடனே மருத்துவமனை.

இங்கே அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை. பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். பீரோவில் அது போட்டு வைத்த பழைய வேட்டி, சேலையைக் கிழித்துக் குழந்தைக்குச் சுற்றுவது நம் வழக்கம். நாப்தலினில் செய்த உருண்டையானால் அதன் நெடி சில குழந்தைகளின் சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகள் அவர்கள். ஆக்சிஜனின் தாக்குதலைச் சிவப்பணு தாங்குவதே அந்த நொதியால்தான்.

இந்தக் குறைபாடு மலேரியா மருந்தில் வெளிப்பட்டது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஸ்டேட்வில் சிறையில் கைதிகளிடம் பிரைமாகுயின் மாத்திரையைச் சோதித்தபோது, சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. மாத்திரையை நிறுத்தாதபோதும் கொஞ்ச நாளில் உடைவது தானே நின்றது. கதிரியக்க இரும்பால் செல்களுக்குக் குறியிட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. நொதி வயதோடு குறைவதால் முதலில் உடைந்தவை கிழட்டுச் செல்கள். அவை தீர்ந்ததும் இளம் செல்கள் தாங்கி நின்றன. 1956இல் இந்த நொதியின் பெயரும் தெரிந்தது. இதிலிருந்து லேப்புக்கு ஒரு பாடம் உண்டு. ரத்தம் உடைந்த கையோடு ஜி6பிடி சோதனை செய்தால் நார்மல் என்று வரக்கூடும். குறைபாட்டைக் காட்டியிருக்க வேண்டிய கிழட்டுச் செல்கள் சாம்பிளில் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வோம்.

மூணு மாசச் சர்க்கரை

1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ராஹ்பர் என்பவர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டையைப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை தானாகப் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியது அந்தச் செல் சாகும்வரை பெரும்பாலும் விடுவதில்லை. நாம் எச்பிஏ1சி என்று அளப்பது அதைத்தான்.

நம் ரத்தத்துளியில், ஓர் ஊரில் கைக்குழந்தை முதல் பல்போன கிழவர் வரை இருப்பதுபோல எல்லா வயதுச் செல்லும் இருக்கிறது. நேற்றுப் பிறந்த செல்லில் சர்க்கரை கொஞ்சமே ஒட்டியிருக்கும், நூறு நாள் செல்லில் நிறைய. எந்திரம் சராசரியைச் சொல்கிறது. அந்தச் சராசரியில் ஏறத்தாழ பாதி கடைசி ஒரு மாதத்தின் சர்க்கரை. முதல் நாள் இனிப்பைத் தவிர்த்துவிட்டு வந்து வெறும்வயிற்றுச் சோதனையை ஏமாற்றலாம், இதை ஏமாற்ற முடியாது. ஆனால் செல்கள் 120 நாள் வாழ்கின்றன என்று நம்பித்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்கிறோம். அந்த நம்பிக்கை பொய்த்தால் எண்ணும் பொய்க்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவர் சிரித்த முகத்தோடு வந்தார். "அக்கா, மூணு மாசச் சர்க்கரை 5.8. எனக்கு சுகர் போயிருச்சு." அதே தாளில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 180, ஹீமோகுளோபின் 8. சிறுநீரகம் பழுதானால் சிவப்பணு ஆயுள் குறையும், மஜ்ஜையைத் தூண்டும் ஊசியால் இளம் செல்களும் பெருகும். சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை. அடுத்த வாரம் ஓர் அம்மா, ஹீமோகுளோபின் 7.5, இரும்புச்சத்து தரைதட்டியிருந்தது. மூணு மாசச் சர்க்கரை 6.6. வெறும்வயிற்றில் 95. புதுச் செல் பிறப்பது குறைந்தால் இருக்கிறவற்றில் கிழடு அதிகம், எண் ஏறித் தெரியும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரைக்கு மாத்திரை இல்லாமலே இறங்கும். 6.5 தாண்டினால் சர்க்கரை நோய் என்ற விதியை அந்த அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது.

சிவப்பணு ஆயுள் குறைவதன் கடுமையான வடிவம் நீலகிரியில் இருக்கிறது. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் அது முதலில் பதிவானது அப்போதுதான். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால், ஆக்சிஜன் இறங்கியதும் செல் அரிவாளாக வளைகிறது, நுண்குழாய்களை அடைக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தக் குறையைப் பெற்றவர்களிடம் சிவப்பணு 10 முதல் 20 நாளே வாழ்கிறது. ஹீமோகுளோபின் குறைவு, ரெட்டிக் அதிகம், இன்டைரக்ட் பிலிருபின் அதிகம், கண் லேசாக மஞ்சள், சிறு வயதிலேயே பித்தப்பைக் கல் என்று அத்தனையும் இந்தக் குறுகிய ஆயுளின் வரிகள். மூணு மாசச் சர்க்கரை இவர்களுக்கு உதவாத சோதனை. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காக வைத்தது.

பைக்குள் ஓடும் கடிகாரம்

தானம் கொடுத்த ரத்தத்தை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் வயது நிற்பதில்லை. பைக்குள் ஆற்றல் குறைகிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, கொப்புளங்கள் பிய்கின்றன. சாதாரணக் கரைசலில் 35 நாள், கூடுதல் ஊட்டம் சேர்த்த கரைசலில் 42 நாள் என்பது கெடு. ஏற்றி 24 மணி நேரம் கழித்தும் முக்கால்வாசிச் செல்கள் நோயாளியிடம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்து இந்தக் கெடுவை வகுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் மறுபடி கொடுக்க, ஆணானால் 90 நாள், பெண்ணானால் 120 நாள் இடைவெளி வேண்டும். செல் சீக்கிரம் ஊறிவிடும், பையோடு போன இரும்பு திரும்பத்தான் நாளாகும்.

ஆகவே என்னிடம் "இது ஏன் ஏறியிருக்கு" என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். மூணு மாசச் சர்க்கரை வாங்கினால் அதே தாளில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். சோகை இருக்கிறதா, சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா, ரத்தம் கொடுத்தீர்களா, இரும்பு மாத்திரை ஆரம்பித்தீர்களா, கர்ப்பமா, டயாலிசிஸா என்பதை டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் விரல் நுனிச் சர்க்கரையையோ, ஃப்ரக்டோசமைன் போன்ற வேறு சோதனையையோ சேர்த்துப் பார்ப்பார்கள். பிலிருபின் ஏறியிருந்தால் டைரக்டா, இன்டைரக்டா என்று கேளுங்கள். இன்டைரக்ட் என்றால் ரெட்டிக் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.